சாட்சி மீனைத் தின்றவர்கள்

இரண்டாம் வாக்குமூலம். பதிவு தொடங்கியது 17ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. காவல் நிலையத்தின் முன் அறையில், சொல்பவர் சொல்லச் சொல்ல, உதவி ஆய்வாளர் முன்னிலையில் நிலைய எழுத்தரால் எழுதப்பட்டது.

நான் கடல் கூண்டு மீன் பண்ணையின் வெட்டுக்கூடத்தில் தர மேற்பார்வையாளராகப் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். வயது நாற்பத்தாறு. பண்ணையில் என்னை விரலக்கா என்று கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் உள்ள பெயர் முதல் வாக்குமூலத்தில் இருக்கிறது, அதையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம். கணவர் படகு எஞ்சின் மெக்கானிக். பண்ணைக் குடியிருப்பில் இரண்டாவது வரிசை, தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த கடைசி வீடு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்.

இந்த வழக்கில் சிறையில் இருக்கும் குளிர்வண்டி டிரைவர் என் கூடப் பிறந்த தங்கையின் கணவர். வண்டியின் பின்கதவுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பதால் அவருக்குச் சாவி என்று பெயர். வழியில் நல்ல மீனை இறக்கிவிட்டு எங்கிருந்தோ வந்த பழைய மீனை ஏற்றினார் என்பது அவர் மேல் உள்ள புகார். இம்மாதம் 9ஆம் தேதி இதே அறையில் இதே நாற்காலியில் உட்கார்ந்து அவருக்கு எதிராக வாக்குமூலம் கொடுத்தது நான்தான். அதில் நான் கண்டதாகச் சொன்னது பொய் இல்லை. ஆனால் கண்டதற்கு நானாக ஒரு கதை கட்டி, அந்தக் கதையையும் கண்டதோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன். கதையை மட்டும் பிரித்து எடுக்க வந்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது, அதற்கு முன் இது கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

எங்கள் பண்ணையில் வளர்ப்பது கொடுவா மீன். கரைக்கு அப்பால் எட்டுக் கூண்டுகள் மிதக்கின்றன. மீன் எடுக்கும் நாளில் காலை ஐந்து மணிக்கு வலையைச் சுருக்கி, மீனை அள்ளி, ஐஸ் கரைத்த தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அதன் பிறகு மீன் என் மேசைக்கு வரும். முதுகுத் துடுப்புக்குக் கீழே கட்டைவிரலால் அமுக்குவேன். விழுந்த குழி மூன்று எண்ணுவதற்குள் மேலே வந்துவிட்டால் சதை உறுதி, வராவிட்டால் தளர்வு. தளர்வானதை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பெட்டியில் அடுக்கச் சொல்வேன். அதன் பிறகு பெட்டிகள் குளிர்வண்டியில் ஏறும். பகல் ஒரு மணிக்கு வண்டி புறப்படும். வாங்குகிறவர்கள் நகரத்தில் பல ஹோட்டல்களுக்குச் சமைத்து அனுப்பும் ஒரு பெரிய சமையற்கூடத்தார்.

இதைத் தவிர எங்களிடம் சாட்சி மீன் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை மீன் எடுக்கும்போதும் ஒரு மீனை அனுப்பாமல் நிறுத்திக்கொண்டு, கூண்டு எண்ணும் தேதியும் எழுதிய மஞ்சள் பிளாஸ்டிக் சீட்டை அதன் செவுளில் கட்டி, கூடத்து ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். எடுத்த அன்று, மறுநாள், மூன்றாம் நாள் என்று மூன்று முறை அமுக்கிப் பார்த்துத் தரப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போன மீனைப் பற்றிப் பிறகு யாராவது கேட்டால் கூடவே பிறந்த மீன் ஒன்று எங்களிடம் சாட்சியாக இருக்கும் என்பதற்காக ஆறு ஆண்டுகளுக்கு முன் வந்த விதி இது. சீட்டு எழுதுவது, கட்டுவது, அமுக்குவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் என் பொறுப்பு. சாட்சி மீன் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதன் இடம் வரும்போது சொல்கிறேன்.

இம்மாதம் 2ஆம் தேதி திங்கட்கிழமை மூன்றாம் கூண்டிலிருந்து மீன் எடுத்து அனுப்பினோம். 4ஆம் தேதி சமையற்கூடத்திலிருந்து போன் வந்தது. அன்றே சமைத்த மீன் நன்றாக இருந்தது, குளிர் அறையில் வைத்தது கத்தி வைத்ததும் கூழாக வழிகிறது என்றார்கள். எங்கள் மேனேஜர், "அவங்க வெளியில போட்டு வச்சிருப்பாங்க, இப்ப நம்ம தலையில கட்டப் பாக்கறாங்க" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினொரு ஆண்டுகளில் என் விரல் தவறியதில்லை என்ற மிதப்பு எனக்கு இருந்தது.

அதன் பிறகு 5ஆம் தேதி வியாழக்கிழமை அதே கூண்டிலிருந்து மறுபடியும் அனுப்பினோம். 7ஆம் தேதி சனிக்கிழமை காலை முப்பத்தெட்டுப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தங்கையின் கணவரே ஏற்றிக்கொண்டு வந்தார். நான் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். மேலே ஐஸ் கரையாமல் இருந்தது. மீனின் கண் தெளிவாக இருந்தது, செவுள் சிவப்பாக இருந்தது. அமுக்கினேன். விரல் நகம் மறையும் அளவுக்கு உள்ளே போனது, குழி மேலே வரவில்லை. ஆனால் வாடை இல்லை. கெட்டுப்போன மீன் முதலில் மூக்குக்குத்தான் சொல்லும், அதன் பிறகுதான் விரலுக்குச் சொல்லும். இது மூக்குக்குச் சொல்லவே இல்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது எல்லாம் அந்தக் கழுத்துச் சாவியைப் பற்றித்தான்.

அப்போது அவர் என்னிடம், "அக்கா, வண்டி முழுக்க குளிர் ஒரே மாதிரி இருந்துச்சு. மெஷின் காகிதம் இந்தா இருக்கு. உள்ள வேணா நீங்களே கைய வச்சுப் பாருங்க" என்றார். நான் கையை வைக்கவில்லை. காகிதத்தை மேனேஜர் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று மதியத்துக்குள் முப்பத்தெட்டுப் பெட்டி மீனையும் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடச் சொல்லிவிட்டார். மீன் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று நான் கேட்டதற்கு, "இது டாக்டர் பாக்கற விஷயம் இல்ல, போலீஸ் பாக்கற விஷயம்" என்றார்.

தங்கையின் கணவர் மேல் எனக்கு ஏற்கெனவே சந்தேகம் உண்டா என்று உதவி ஆய்வாளர் கேட்கிறார். உண்டு. நான் யாரையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. என் வேலையே அமுக்கிப் பார்ப்பதுதான், வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்காது. அவர் சாவியை யாரிடமும் கொடுக்க மாட்டார். குளிக்கும்போதும் கழுத்தில்தான் இருக்கும் என்று தங்கை சிரித்துக்கொண்டே சொல்வாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடந்த இரண்டு மாதங்களாக நான் அவர்கள் வீட்டுக்குப் போனால் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். என்னைக் கண்டதும் குரலைத் தணிப்பார். காதும் காதும் வைத்தாற்போல் ஏதோ நடக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பார்க்க நினைத்தால் எதைத்தான் பார்க்க முடியாது.

அதன் பிறகு 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தங்கை வீட்டுக்குப் போனேன். அவளுடைய மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், கிளினிக்கும் வீடுமாக அலைந்துகொண்டிருந்தாள். குழந்தையின் நெற்றியில் வைக்க ஐஸ் எடுப்பதற்காகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். கீழ்த் தட்டில் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு முழுக் கொடுவா மீன் இருந்தது. வேண்டுமென்று இல்லை, பழக்க தோஷத்தில் பையின் மேலேயே அமுக்கினேன். உள்ளே கஞ்சி நிறைத்த பை போல் இருந்தது. தங்கை அடுத்த அறையில் குழந்தைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த மீன் எங்கிருந்து வந்தது என்று நான் அவளைக் கேட்கவில்லை. பெட்டியை மூடிவிட்டு, ஐஸைக் கொடுத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

வழி நெடுக மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். பெட்டியில் வந்ததும் கூழ், இவர் வீட்டில் இருப்பதும் கூழ். அப்படியானால் மாற்றி ஏற்றிய பழைய மீனில் ஒன்று வீட்டுக்கும் வந்திருக்கிறது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட நினைப்பு எனக்கு. சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லப்போகிற சந்தோஷம்.

9ஆம் தேதி காலை மேனேஜரிடம் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் ஜீப் சாவியை எடுத்துவிட்டார். என்னை இங்கே அழைத்து வந்து உட்காரவைத்தார். டிரைவரின் வீட்டில் பழைய மீன் இருந்ததை என் கண்ணால் கண்டேன் என்று வாக்குமூலம் கொடுத்தேன். அன்று மாலை நாலு மணிக்கு அவரைப் பண்ணை வாசலில் வைத்துக் கைது செய்தார்கள். கழுத்துச் சாவியை அவரே கழற்றிக் கொடுத்தார். என்னைப் பார்த்து, "வண்டிய நிழல்ல நிறுத்தச் சொல்லுங்கக்கா, வெயில்ல நின்னா மெஷின் கெட்டுரும்" என்றார். அதைக்கூட நான் நடிப்பு என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு மூன்றாம் கூண்டிலிருந்து மீன் எடுப்பதை நிறுத்தச் சொன்னார் மேனேஜர். வாடகை வண்டியில் ஐந்தாம் கூண்டு மீன் போனது, ஒரு புகாரும் வரவில்லை. "பாத்தீங்களா விரலக்கா, ஆள் மாறினதும் மீன் நல்லாயிருச்சு" என்றார். கூண்டும் மாறியிருக்கிறதே என்று எனக்கு உறைக்கவில்லை. அப்போது உறைத்திருந்தால் இங்கே இரண்டாம் முறை வந்திருக்க மாட்டேன்.

14ஆம் தேதி சனிக்கிழமை காலை தங்கை என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி ஒரு மஞ்சள் சீட்டை என் கையில் வைத்தாள். அதில் கட்டியிருந்த நைலான் நூலைச் சோப்புத்தூள் பாக்கெட்டின் வாயைக் கட்ட எடுத்து வைத்திருந்தாளாம், துணி துவைக்கும்போது கண்ணில் பட்டதாம். சீட்டில் கூண்டு 3 என்றும் 5ஆம் தேதி என்றும் எழுதியிருந்தது. என் கையெழுத்து. மூன்று என்ற எண்ணின் வாலை நான் நீட்டி இழுப்பேன், பண்ணையில் வேறு யாரும் அப்படி எழுதுவதில்லை.

தங்கை சொன்னாள், "அந்த மீனை வாட்ச்மேன் குடுத்தாரு. முறை எங்களுதுன்னு குடுத்தாரு. பாப்பாவுக்குக் காய்ச்சல், ஆக்க நேரமில்ல, உள்ள வச்சுட்டேன். நீ வந்து பாத்துட்டுப் போன மறுநாளு அவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த மீனாலதான்னு எனக்கு நேத்துத்தான் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. எங்களையும் மீன் மாதிரி அமுக்கிப் பாத்துட்டுப் போயிட்ட."

அவள் போகும்போது இன்னொன்றும் சொன்னாள். மொட்டை மாடிக்குப் போய் அவர் பேசியது வேறு ஊர்க் கம்பெனி ஒன்றில் டிரைவர் வேலை கேட்டு. "உங்கக்கா கண்ணுக்கு எட்டாத தூரத்துல இருந்தா போதும்னாரு" என்றாள். இதையும் எழுதும்படி எழுத்தரிடம் சொல்கிறேன்.

சாட்சி மீன் பற்றிச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். முதல் வருடம் விதிப்படிதான் செய்தோம். மூன்று நாள் வைத்துப் பார்த்த மீனை அதன் பிறகு புதைத்துவிடுவோம். ஒரு முறைகூட ஒரு மீனும் தளர்ந்ததில்லை. நல்ல மீனை மண்ணில் போடுவானேன் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் ஆமாம் என்று சொல்ல, முறை வைத்து வீட்டுக்கு எடுத்துப்போக ஆரம்பித்தோம். மூன்றாம் நாள் மீனை யாரும் விரும்பவில்லை, அதனால் அது மறுநாள் ஆனது, அப்புறம் அன்றைக்கே ஆனது. முறைப் பட்டியல் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது, இருபத்திரண்டு பேர். மேனேஜர் ஏழாவது. நான் முதலாவது. சீட்டைக் கட்டி, ஒரு முறை அமுக்கிவிட்டு, பதிவேட்டில் மூன்று நாளுக்கும் உறுதி, உறுதி, உறுதி என்று ஒரே மூச்சில் எழுதி மூன்று கையெழுத்தும் போட்டுவிட்டு, மீனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவேன். அன்று முறை யாருக்கோ அவர்கள் வீட்டில் அவர் சேர்த்துவிடுவார். யாருக்குப் போகிறது என்று நான் பார்ப்பதில்லை. ஐந்து வருடமாக எங்கள் சாட்சிகள் எல்லோரும் அன்று சாயங்காலமே குழம்பாகிவிட்டார்கள்.

15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை போய் முறைப் பட்டியலைப் பார்த்தேன். 5ஆம் தேதிக்கு நேராக டிரைவர் என்று இருந்தது. வாட்ச்மேனை விசாரித்தேன். அன்று காலை பதினொரு மணிக்குத் தங்கை கிளினிக்கிலிருந்து வரும் வழியில் வாசலிலேயே கொடுத்ததாகச் சொன்னார். அந்த நேரத்தில் வண்டியில் இன்னும் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. அதாவது, அந்த மீன் வண்டிக்குள் போகவே இல்லை. டிரைவர் அதைத் தொடவும் இல்லை. என் மேசையில் உறுதி என்று நான் எழுதிய மீன், தங்கையின் வீட்டில், குளிர்ப் பெட்டிக்குள் இருந்தபடியே தானாகக் கூழாகியிருக்கிறது. எந்த மீனைக் காட்டி அவரைப் பிடித்துக் கொடுத்தேனோ, அந்த மீன்தான் அவர் குற்றமற்றவர் என்பதற்குச் சாட்சி. வாட்ச்மேன் இதைச் சொல்லத் தயாராக இருக்கிறார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "யாரும் கேக்கலியேம்மா" என்றார்.

16ஆம் தேதி விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய் மீன் டாக்டரைப் பார்த்தேன். அவர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் பெண், என்னைவிட வயதில் சிறியவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "வாடை இருந்துச்சா?" என்று முதலில் அதைத்தான் கேட்டார். இல்லை என்றேன். மீனின் சதை நாருக்குள் குடியிருக்கும் ஓர் ஒட்டுண்ணி உண்டு, கண்ணுக்குத் தெரியாது, மீன் நன்றாகத் தின்னும், நன்றாக நீந்தும், வெளியே ஒரு புள்ளிகூட இருக்காது என்றார். "உயிரோட இருக்கறப்ப மீன் உடம்பு அதை அடக்கி வச்சிருக்கும்மா. செத்ததும் அடக்க ஆள் இல்ல. அது விடற ரசம் சதையை உள்ளேயே கரைச்சுரும். ஒரு நாள் ஆகலாம், ரெண்டு மூணு நாள் ஆகலாம். ஐஸ் வச்சா மெதுவாகும், நிக்காது." அன்றைக்கே சமைத்தால் தெரியாதா என்று கேட்டேன். "அன்னைக்கே ஆக்கினா ருசியாத்தான் இருக்கும்" என்றார். அது எப்படிக் கூண்டுக்குள் வந்தது என்று கேட்டதற்கு, அடிச் சேற்றில் இருக்கும் புழு வழியாக வரலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மூன்றாம் கூண்டுதான் எங்களிடம் கரைக்கு மிக அருகில், சேற்றின் மேல் இருப்பது. ஒரு கூண்டில் எல்லா மீனிலும் இருக்க வேண்டும் என்று இல்லை, சிலதில் இருக்கும் சிலதில் இருக்காது என்றும் சொன்னார். முடிந்தால் மீன் கொண்டு வாருங்கள் என்றார்.

இன்று 17ஆம் தேதி காலை மூன்றாம் கூண்டிலிருந்து மறுபடியும் மீன் எடுத்தார்கள். மேனேஜர் என் மேசைக்கு வந்து, "இனிமே சீட்டுல மூணுன்னு போடாதீங்க, ஏழுன்னு போடுங்க, கூண்டு நம்பரை மாத்தியிருக்கோம்" என்றார். கூண்டில் எழுதியிருக்கும் எண் மாறவில்லை என்பதைப் படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மேனேஜருக்கு எவ்வளவு தெரியும், எப்போதிலிருந்து தெரியும் என்று உதவி ஆய்வாளர் கேட்கிறார். எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆனால் சந்தேகத்தை வாக்குமூலமாகச் சொல்லி ஒரு முறை பட்டது போதும். அவர் சொன்ன வார்த்தையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று பகல் வாட்ச்மேன் முன்னிலையில் மூன்றாம் கூண்டு மீன் இரண்டும் ஐந்தாம் கூண்டு மீன் ஒன்றும் எடுத்து, சீட்டில் உண்மையான எண்ணை எழுதிக் கட்டி, தெர்மக்கோல் பெட்டியில் ஐஸ் போட்டு இங்கே கொண்டு வந்திருக்கிறேன். வாசலில் நின்ற காவலர், "ஸ்டேஷனுக்கு இது வரைக்கும் யாரும் மீன் கொண்டாந்ததில்லம்மா, அதுவும் கூறு போடாம" என்றார். உதவி ஆய்வாளர் தம் கட்டைவிரலால் மூன்றையும் அமுக்கிப் பார்த்தார். எங்கே அமுக்க வேண்டும் என்று நான் காட்டினேன். மூன்றும் உறுதி என்று அவரே சொன்னார். அதன் பிறகு பெட்டியை மூடி அரக்கு முத்திரை வைத்து, வழக்குப் பொருட்கள் வைக்கும் அறையில் வைத்திருக்கிறார்கள். தினம் இரண்டு வேளை முத்திரையைப் பிரித்து ஐஸ் நிரப்பி மறுபடி முத்திரை வைப்பதாகவும், அதைத் தனியாக எழுதி வைப்பதாகவும் சொன்னார்கள். வியாழக்கிழமை மீன் டாக்டர் முன்னிலையில் திறக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுத்தர் கடைசித் தாளை எடுத்து, "மீதிய வியாழக்கிழமை நானே எழுதிக்கறேன், இப்பவே கையெழுத்தப் போட்டுட்டுப் போங்க, ரெண்டு வாட்டி வந்து நிக்க வேணாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் போடவில்லை.

தொடர்ச்சி. 19ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தரை மணி.

மீன் டாக்டர், உதவி ஆய்வாளர், எழுத்தர், நான் ஆகியோர் முன் அறையில் இருந்தோம். என் தங்கையும் வந்திருந்தாள். என் பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தும் சுவர் ஓரமாக நின்றுகொண்டாள். முத்திரையைச் சரிபார்த்து உடைத்தார்கள். ஐஸ் முழுதாக இருந்தது. முதலில் மூன்றாம் கூண்டு மீன் ஒன்றை எடுத்து மேசையில் பழைய செய்தித்தாள் மேல் வைத்தார்கள். உதவி ஆய்வாளர் அமுக்கினார். குழி விழுந்தது. மூன்று எண்ணுவதற்குள் மேலே வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். தங்கை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சில மீனில் இருக்காது என்று டாக்டர் திங்கட்கிழமையே சொன்னது எனக்கு நினைவு இருந்தது, ஆனாலும் இரண்டாவது மீன் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் உறுதியாக இருந்துவிட்டால் நான் மறுபடியும் ஒரு கதை கட்டியவள் ஆகிவிடுவேன், அவர் உள்ளேயே இருப்பார்.

அதன் பிறகு இரண்டாவது மீனை எடுத்தார்கள். எடுக்கும்போதே நடுவில் தொய்ந்தது. உதவி ஆய்வாளரின் விரல் முதல் கணு வரை உள்ளே போனது. கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்தார். குனிந்து முகர்ந்தார். வாடை இல்லை என்று சொன்னார். ஐந்தாம் கூண்டு மீன் உறுதியாக இருந்தது. தளர்ந்த மீனிலிருந்து டாக்டர் ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, தாம் கொண்டுவந்த நுண்ணோக்கியில் காட்டினார். உதவி ஆய்வாளர் பார்த்த பிறகு நானும் பார்த்தேன். நாலு இதழ் வைத்த சின்னச் சின்னப் பூக்களாகக் கொட்டிக் கிடந்தது. எவ்வளவு அழகாக இருந்ததோ அவ்வளவு ஆத்திரம் வந்தது எனக்கு. டாக்டரின் அறிக்கை இத்துடன் இணைக்கப்படுகிறது.

வண்டியிலும் ஏறாமல், டிரைவரும் தொடாமல், அரக்கு முத்திரைக்குள் காவல் நிலையத்திலேயே இருந்த மீன் இது. இதை யார் மாற்றி வைத்திருக்க முடியும் என்று கேட்டேன். உதவி ஆய்வாளர் அதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி எழுத்தரிடம் சொன்னார்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் என்னைத் தனியாகப் பக்கத்து அறைக்கு அழைத்து, "மீன் கூழானதே போதும்மா அவர் வெளிய வர. பதிவேட்டுல மூணு நாளுக்கும் ஒரே நாள்ல எழுதினதையும் சொல்லணுமா? அது உங்க மேல கேசாகும், வேலையும் போகும்" என்றார். சொல்ல வேண்டும் என்றேன். நான் விதிப்படி வைத்திருந்தால் 2ஆம் தேதி மீன் 4ஆம் தேதி என் பெட்டியிலேயே கூழாகியிருக்கலாம், அப்படி ஆகியிருந்தால் 5ஆம் தேதி மீன் போயிருக்காது, யாரையும் பிடிக்க வேண்டியிருந்திருக்காது. மீனில் இருந்த பூச்சி என் குற்றம் இல்லை. அதைப் பார்க்கவென்று வைத்திருந்த ஒரே வழியைத் தின்று தீர்த்ததில் நான் முதலாவது. அதனால் அந்தப் பகுதியை நீக்க வேண்டாம்.

திரும்பி வந்தபோது தங்கை சுவர் ஓரத்திலேயே நின்றிருந்தாள். அவளிடம், "நாளைக்கு வந்துருவாரு" என்றேன். "நீ சொல்லாத. அவர் வந்து நிக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றாள். வேறு ஊர் வேலைக்கு அவர்கள் போவதானால் நான் தடுக்கப்போவதில்லை.

இதில் நான் கண்டது கண்டதாகவும், கேட்டது கேட்டதாகவும், நானாக நினைத்தது நினைத்ததாகவும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தர் முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினார். இரண்டு இடங்களில் தேதியைத் திருத்தச் சொன்னேன், திருத்தினார். மேலே உள்ளவை அனைத்தும் உண்மை, யாருடைய தூண்டுதலும் இல்லை. செவ்வாய்க்கிழமை கேட்ட கையெழுத்தை, மூன்றாம் நாள் ஆகிய இன்று, பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்த பிறகு போடுகிறேன்.

(கையொப்பம்)
தர மேற்பார்வையாளர், வெட்டுக்கூடம்